எழுத்துப் பிழை திருத்திய புனிதர்

இவ்வுலகில் தோன்றி மறைந்த புனிதர்கள் எத்தனையோ பேர். சிலர் தம் இரத்தத்தைச் சிந்தி விசுவாசத்தைக் காத்தனர். சிலர் தம் உடைமை அனைத்தையும் ஏழைகளுக்கு ஈந்தனர். சிலர் கடல் கடந்து சென்று நற்செய்தியைப் போதித்தனர். ஆனால் எழுதுகோலைக் கையில் ஏந்தி, பிறர் செய்து வைத்த எழுத்துப் பிழைகளைத் திருத்துவதில் வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்டுப் புனிதரானவர் ஒருவர் உண்டு. அவரே புனித ஜெரோம். எரோணிமுஸ் என்றும் அவரை அழைப்பர். ஆண்டுதோறும் செப்டம்பர் 30-ஆம் நாள் அவருடைய திருநாளைக் கொண்டாடுகிறோம். அன்னாரின் வாழ்வைச் சற்றுக் காண்போம்.

இளமையும் கல்வியும்

ஜெரோம் 347-ஆம் ஆண்டு வாக்கில், உரோமைப் பேரரசின் தல்மாத்தியா, பன்னோனியா என்னும் மாநிலங்களின் எல்லையில் இருந்த ஸ்திரிதோன் என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் கிறிஸ்தவர், வசதி படைத்தவர். மகனின் அறிவுக் கூர்மையைக் கண்டு அவரை இளம் வயதிலேயே உரோமை நகருக்குப் படிக்க அனுப்பினர். அங்கே தொனாத்துஸ் என்ற புகழ்பெற்ற இலக்கண ஆசிரியரிடம் அவர் பாடம் கேட்டார். இந்தத் தொனாத்துஸ் எழுதிய இலத்தீன் இலக்கண நூலை ஐரோப்பியப் பிள்ளைகள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் படித்தார்கள் என்றால் அவருடைய பெருமையை நாம் உணரலாம். ஒரு சொல்லை எங்கே பிரிப்பது, எது சரியான பாடம், எது பிழையான பாடம் என்று ஆராயும் பழக்கம் ஜெரோமுக்கு அந்த வகுப்பிலேயே ஏற்பட்டது.

உரோமையின் இளைஞர் வாழ்வில் இருந்த தீய வழிகளும் அவரைக் கவராமல் இல்லை. ஆயினும் ஞாயிற்றுக்கிழமைகளில் தோழர்களுடன் நிலத்தடிக் கல்லறைகளுக்குச் சென்று வேதசாட்சிகளை வணங்குவதை அவர் விடவில்லை. அந்நகரிலேயே திருமுழுக்கும் பெற்றார். படிக்கும் காலத்தில் அவர் அரும்பாடுபட்டுச் சேர்த்த செல்வம் ஒன்று உண்டு. அது புத்தகங்கள். வீட்டையும் உற்றாரையும் சுவையான உணவையும் துறந்த பின்னும் அந்த நூல்களை மட்டும் அவரால் துறக்க இயலவில்லை. சென்ற இடமெல்லாம் அவற்றைச் சுமந்து சென்றார்.

பிழை பிறக்கும் விதம்

அக்காலத்தில் அச்சு இயந்திரம் இல்லை. ஒவ்வொரு நூலையும் ஒருவர் பார்த்துப் பார்த்துக் கையால் படியெடுக்க வேண்டும். சொற்களுக்கு நடுவே இடம் விடாமல் தொடர்ந்து எழுதுவதே பெரும்பாலும் வழக்கம். எழுதுபவர் மூல நூலைப் பார்ப்பார். சில சொற்களை நினைவில் கொள்வார். தலையைத் திருப்பித் தம் தோலேட்டில் எழுதுவார். மறுபடியும் மூலத்தைப் பார்ப்பார். அவ்வாறு பார்க்கும்போது கண் சரியான இடத்தில் போய் நிற்காவிட்டால் இரண்டு வகையான பிழைகள் நேரும். கண் முன்னே தாவினால் சில சொற்கள் விட்டுப்போகும். பின்னே தங்கினால் எழுதிய சொல்லையே மீண்டும் எழுத நேரும். ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் இடத்தில் இது எளிதில் நிகழும்.

இதற்கு ஒரு பெரிய சான்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. ஜெரோம் வாழ்ந்த அதே நான்காம் நூற்றாண்டில் எழுதப்பட்ட கிரேக்க விவிலியப் பிரதி அது. உலகின் மிகப் பழைய விவிலியப் பிரதிகளுள் ஒன்று. அதில் திருத்தூதர் பணிகள் 19-ஆம் அதிகாரத்தில், எபேசு நகர மக்கள் தங்கள் தேவதை அர்த்தமியைப் போற்றிக் கூச்சலிட்ட செய்தி வருகிறது. மற்றப் பிரதிகளில் ஒருமுறை காணப்படும் அந்த முழக்கம் இந்தப் பிரதியில் அடுத்தடுத்து இருமுறை எழுதப்பட்டிருக்கிறது. அதை எழுதியவர் கவனமற்றவர் அல்லர். மனிதக் கண்ணின் இயல்பு அப்படி. அவருக்குப் பின் அதைப் பார்த்துப் படியெடுப்பவர் பிழை என்று அறியாமல் அப்படியே எழுதினால் ஒரு பிழை பத்தாகும், பத்து நூறாகும்.

பாலைவனத் துறவி

கல்வி முடிந்தபின் ஜெரோம் கீழ்த்திசை நாடுகளுக்குப் பயணமானார். அந்தியோக்கியா நகரில் கடுமையான காய்ச்சலில் விழுந்தார். அப்போது ஒரு கனவு கண்டதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். இறைவனின் நீதி இருக்கையின்முன் அவர் நிறுத்தப்பட்டார். தாம் கிறிஸ்தவர் என்று சொன்னார். இல்லை, நீ சிசரோவின் சீடன் என்று தீர்ப்புக் கிடைத்தது. இலத்தீன் இலக்கியத்தில் கொண்ட மோகத்தால் வேதநூலை அவர் அலட்சியம் செய்து வந்த காலம் அது. அக்கனவு அவர் உள்ளத்தைத் தைத்தது.

பின்பு சிரியாவின் கால்சிஸ் பாலைவனத்தில் சில ஆண்டுகள் தவ வாழ்வு நடத்தினார். சோதனைகள் மனத்தை அலைக்கழித்தபோது அதை அடக்க அவர் கண்ட மருந்து வியப்பானது. கிறிஸ்தவராக மாறிய யூதர் ஒருவரிடம் எபிரேய மொழியை அரிச்சுவடியிலிருந்து கற்கத் தொடங்கினார். சிசரோவின் இனிய நடையில் திளைத்த நாவுக்கு அம்மொழியின் ஓசைகள் முள்ளாகக் குத்தின. பலமுறை கைவிட்டார்; பலமுறை மீண்டும் தொடங்கினார். கசப்பான அந்த விதையிலிருந்தே பின்னாளில் இனிய கனி கிடைத்தது.

அந்தியோக்கியாவில் குருப்பட்டம் பெற்ற ஜெரோம், கான்ஸ்தாந்திநோபிளில் நாசியான்சு கிரகோரியாரிடம் மறைநூல் பயின்று, 382-ஆம் ஆண்டு உரோமைக்குத் திரும்பினார்.

பாப்பரசரின் கட்டளை

அப்போது பாப்பரசராக இருந்தவர் தமாசுஸ். ஜெரோமின் புலமையை அறிந்த அவர் தம் செயலாளராக அவரை அமர்த்தினார். ஒரு கடினமான வேலையையும் கொடுத்தார். அந்நாளில் மக்கள் கையில் இருந்த இலத்தீன் நற்செய்திப் பிரதிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. எத்தனை பிரதிகள் உண்டோ அத்தனை பாடங்கள் என்று சொல்லுமளவுக்கு வேறுபட்டன. அவற்றைத் திருத்தித் தர வேண்டும் என்பதே கட்டளை.

384-ஆம் ஆண்டு ஜெரோம் நான்கு நற்செய்திகளையும் திருத்தி முடித்தார். அதன் முன்னுரையில் பிழைகளுக்கு மூன்று காரணங்களை எடுத்துக் காட்டினார். முதலாவது, தவறாக மொழிபெயர்த்தவர்கள். இரண்டாவது, அறியாமையோடு துணிந்து திருத்தி, இருந்ததை மேலும் கெடுத்தவர்கள். மூன்றாவது, தூக்கக் கலக்கத்தில் சொற்களைக் கூட்டியும் மாற்றியும் எழுதிய எழுத்தர்கள். இந்த மூவரில் இரண்டாமவரே என்னைச் சிந்திக்க வைத்தார். திருத்துகிறேன் என்று வந்தவரே பிழைக்குக் காரணமாகலாம் என்பதை ஜெரோம் அன்றே கண்டிருக்கிறார்.

ஆகவே அவர் தமக்குத் தாமே ஓர் எல்லையை வகுத்துக்கொண்டார். பழைய கிரேக்கப் பிரதிகளோடு ஒப்பிட்டார். பொருள் கெடும் இடங்களில் மட்டும் திருத்தினார். மற்ற இடங்களில், தமக்குப் பிடிக்காத நடையாக இருந்தாலும், இருந்தபடியே விட்டார். ஒரு நற்செய்தியில் உள்ள வாக்கியத்தை எழுத்தர்கள் மற்றொன்றில் சேர்த்து எழுதியிருந்த இடங்களைப் பிரித்து ஒழுங்கு செய்தார். மத்தேயு, யோவான், லூக்கா, மாற்கு என்று பல இலத்தீன் பிரதிகளில் இருந்த வரிசையை, நாம் இன்று படிக்கும் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற வரிசைக்குக் கொண்டுவந்தார்.

இந்த நற்பணிக்கு அவருக்குக் கிடைத்தது நன்றியன்று, வசைமொழியே. சிறு வயதுமுதல் செவியில் பதிந்த சொற்களை மாற்றிவிட்டாரே என்று பலர் சீறினர். ஜெரோமும் பொறுமைசாலி அல்லர். தம்மைக் குறை கூறியவர்களை இரண்டு கால் கழுதைகள் என்று கடிதத்தில் சாடினார். புனிதர்களுக்கும் குறைகள் உண்டு என்பதற்கு அவருடைய கோபமே சாட்சி. இளமைத் தோழரான ரூஃபினுசோடு பின்னாளில் அவர் நடத்திய சண்டை இருவருக்கும் பெருமை சேர்க்கவில்லை.

அறிவில் சிறந்த பெண்மணிகள்

உரோமையில் ஜெரோமின் வகுப்பில் மறைநூல் கற்றவர்களுள் சிறந்தவர்கள் பெண்களே. மார்சேல்லா என்னும் கைம்பெண் அவர் சொன்ன எதையும் உடனே ஒப்புக்கொள்ள மாட்டார். கேள்விமேல் கேள்வி கேட்டுச் சோதித்த பின்பே ஏற்பார். உயர்குடியில் பிறந்த பவுலாவும் அவர் மகள் யூஸ்தோக்கியமும் எபிரேயம் கற்றனர். சங்கீதங்களை எபிரேய மொழியிலேயே, இலத்தீன் சாயல் சிறிதும் இன்றிப் பவுலா பாடுவார் என்று ஜெரோம் வியந்து எழுதியுள்ளார்.

384-ஆம் ஆண்டின் இறுதியில் தமாசுஸ் காலமானார். ஆதரவை இழந்த ஜெரோம் மறு ஆண்டு உரோமையை விட்டு வெளியேறினார். பவுலாவும் யூஸ்தோக்கியமும் பின்தொடர்ந்தனர். 386-ஆம் ஆண்டு முதல் பெத்லகேமே அவர்கள் வீடாயிற்று. பவுலா தம் செல்வத்தைக் கொண்டு ஆண் துறவியருக்கு ஒரு மடமும், பெண் துறவியருக்கு மடங்களும், திருப்பயணிகளுக்கு ஒரு விடுதியும் கட்டினார்.

இங்கேதான் ஜெரோம் பழைய ஏற்பாட்டை நேரே எபிரேயத்திலிருந்து இலத்தீனில் பெயர்க்கத் துணிந்தார். 390 முதல் 405 வரை ஏறத்தாழ 15 ஆண்டுகள் இப்பணி நடந்தது. பராநினாஸ் என்ற யூத ஆசிரியர் தம் இனத்தாருக்கு அஞ்சி இரவில் வந்து அவருக்குப் பாடம் சொன்னார். செசரேயா நூலகத்தில் இருந்த, ஓரிஜன் ஆறு பத்திகளாக அமைத்த ஒப்பீட்டு நூலையும் அவர் ஆராய்ந்தார். எசாயா நூலைப் படிப்பவர் திணறாமலிருக்க, பொருள் முடியும் இடந்தோறும் வரியை முடித்து எழுதினார். எஸ்தர் நூலின் முன்னுரையில், பவுலாவும் யூஸ்தோக்கியமும் எபிரேய நூலை எடுத்துத் தம் மொழிபெயர்ப்போடு சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுப் பார்க்குமாறு கேட்டுக்கொண்டார். 1,600 ஆண்டுகளுக்கு முன் ஒரு மாபெரும் அறிஞர் தம் எழுத்தைச் சரிபார்க்கும் பொறுப்பை இரு பெண்களிடம் ஒப்படைத்தார் என்பது நம்மைப் போன்ற மாணவியருக்குப் பெருமை தரும் செய்தியன்றோ!

எது பிழை? எது பிழையன்று?

இரண்டு முறை வந்த சொல்லை எல்லாம் அடித்துவிட்டால் வேலை முடிந்துவிடுமா? முடியாது. எபிரேய மொழியில் சொல்லை இரட்டித்துச் சொல்வது ஒரு மரபு. நோவாவின் பேழைக்குள் விலங்குகள் சோடி சோடியாகச் சென்றதை எபிரேயம் இரண்டு இரண்டு என்றே சொல்கிறது. இது எழுத்தர் தூங்கியதால் வந்ததன்று என்று அறிந்த ஜெரோம், இரண்டும் இரண்டும் என்ற பொருளில் இலத்தீனில் தந்தார். எசாயா கண்ட காட்சியில் வானதூதர்கள் கடவுளைத் தூயவர் என்று மும்முறை போற்றுகின்றனர். யோவான் நற்செய்தியில் நம் ஆண்டவர் ஆமென் என்ற சொல்லை எப்போதும் இருமுறை சொல்கிறார். மற்ற மூன்று நற்செய்திகளில் ஒருமுறையே வருகிறது. இவற்றில் ஒன்றை நீக்கினாலும் அது திருத்தம் ஆகாது, சேதமே ஆகும்.

நம் தமிழிலும் இதே நிலைதான். இலக்கண வகுப்பில் அடுக்குத்தொடரையும் இரட்டைக்கிளவியையும் படிக்கிறோம். பாம்பு பாம்பு என்பதில் அச்சம் இருக்கிறது. வீடு வீடாக என்பதில் எல்லா வீடும் அடங்குகிறது. சலசல என்பதில் ஒரு சலவை நீக்கினால் மிஞ்சுவதற்குப் பொருளே இல்லை. ஆகவே பிழை திருத்துபவருக்குக் கண் மட்டும் போதாது, மொழியறிவும் வேண்டும், எழுதியவர் மீது மரியாதையும் வேண்டும்.

ஒரு செடியால் வந்த கலகம்

ஒரே ஒரு சொல் எவ்வளவு பெரிய புயலை எழுப்பும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. யோனா இறைவாக்கினருக்கு நிழல் தந்த செடியைப் பழைய இலத்தீன் பிரதி சுரைக்கொடி என்றது. ஜெரோம் அதைப் படர்கொடி வகையான ஐவி என்று மாற்றினார். வட ஆப்பிரிக்காவில் ஓயா என்ற நகரின் ஆயர் இந்தப் புதிய மொழிபெயர்ப்பைக் கோவிலில் வாசிக்கச் செய்தார். மக்கள் கொதித்தெழுந்தனர். ஆயர் தம் மந்தையையே இழந்துவிடும் நிலை வந்தது. புனித அகுஸ்தினார் 403-ஆம் ஆண்டு இதை ஜெரோமுக்கு எழுதித் தம் கவலையைத் தெரிவித்தார். எபிரேயச் சொல் குறிப்பது அகன்ற இலைகளையுடைய வேறொரு செடி. அதற்கு இலத்தீனில் ஏற்ற பெயர் கிடைக்காததால் அப்படி எழுதினேன் என்று ஜெரோம் விளக்கம் தந்தார். நம் தமிழ் விவிலியத்தில் அது ஆமணக்கு என்று இருக்கிறது. இரு பெரும் மறைவல்லுநர்கள் ஒரு செடியின் பெயருக்காகக் கடிதம் எழுதிக்கொண்டார்கள் என்றால், சொல் என்பது சிறிய காரியமா?

திருத்தியவரின் நூலிலும் பிழைகள் புகுந்தன. ஸ்பெயின் நாட்டு லூசினியுஸ் என்ற செல்வர் ஜெரோமின் நூல்களைப் படியெடுத்து வர ஆறு எழுத்தர்களைப் பெத்லகேமுக்கு அனுப்பினார். மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு ஜெரோம் அவர்களைப் பலமுறை வற்புறுத்தினார். ஆயினும் எழுத்தர்கள் கண்டதை எழுதாமல் தாங்கள் நினைத்ததை எழுதிவிடுவார்கள் என்று அஞ்சி, பிழை இருந்தால் அவர்களையே நொந்துகொள்ளுமாறு கடிதத்தில் குறிப்பிட்டார்.

இறுதி நாட்கள்

404-ஆம் ஆண்டு பவுலா மரித்தார். ஜெரோம் ஆறாத் துயரில் ஆழ்ந்து, பின் இரண்டே இரவுகளில் அவருடைய வரலாற்றைச் சொல்லி எழுதச் செய்தார். 410-ஆம் ஆண்டு உரோமை நகரம் பகைவரால் சூறையாடப்பட்டது. ஒருகாலத்தில் செல்வராக இருந்தோர் பெத்லகேமில் பிச்சை கேட்டு நின்றனர். அப்போது ஜெரோம் எசேக்கியேல் விளக்கவுரையை நிறுத்தி வைத்துவிட்டு அகதிகளுக்குப் பணிவிடை செய்தார். எழுத்தை அத்தனை நேசித்தவர், பசித்தவன் வாசலில் நிற்கும்போது எழுதுகோலைக் கீழே வைக்கவும் அறிந்திருந்தார். முதுமையில் பார்வை மங்கியது. இரவு விளக்கொளியில் எபிரேய எழுத்துகள் தெரியவில்லை. மடத்துச் சகோதரர்கள் வாசிக்கக் கேட்டுப் பணியைத் தொடர்ந்தார். 420-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் பெத்லகேமில் இறைவனடி சேர்ந்தார்.

ஓவியங்களில் அவர் காலடியில் ஒரு சிங்கம் படுத்திருக்கும். முள் எடுத்த கதை அதற்குப் பின்னால் உண்டு. அது பிற்காலத்தார் சேர்த்த கதை. அவர் வாழ்வில் உண்மையாக எடுத்த முட்கள் ஏட்டில் இருந்தவை.

அவருக்குப் பின்

அவருடைய மொழிபெயர்ப்பு காலப்போக்கில் வுல்காத்தா என்று பெயர் பெற்றது. மக்களுக்குப் பொதுவானது என்பது அதன் பொருள். 1298-ஆம் ஆண்டு அவர் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்டார். 1455-ஆம் ஆண்டு வாக்கில் கூட்டன்பர்க் அச்சிட்ட பெருநூலும் இந்த இலத்தீன் விவிலியமே. 1546-ஆம் ஆண்டு திரிதெந்தின் பொதுச்சங்கம் அதனைத் திருச்சபையின் அதிகாரபூர்வமான பாடமாக ஏற்றது. 1590-ஆம் ஆண்டு பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸ் தாமே நேரடியாக உழைத்து அதனை வெளியிட்டார். அச்சான பின்பும் பிழைகள் தென்பட்டன. சிறு காகிதத் துண்டுகளை ஒட்டியும் பேனாவால் எழுதியும் பிரதிபிரதியாகத் திருத்தினார்கள். அவர் இறந்தபின் அப்பதிப்பு திரும்பப் பெறப்பட்டு, 1592-ஆம் ஆண்டு எட்டாம் கிளெமெந்து காலத்தில் திருத்திய பதிப்பு வந்தது. 1979-ஆம் ஆண்டு பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் புதிய வுல்காத்தாவை வெளியிட்டார். திருத்தும் பணி 1,600 ஆண்டுகளாக ஓயவில்லை. 2017-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, ஜெரோமின் திருநாளான செப்டம்பர் 30-ஐ உலக மொழிபெயர்ப்பு நாளாக அறிவித்தது.

இன்று தோலேடு இல்லை. நாணல் பேனா இல்லை. கணினி இருக்கிறது. ஆனால் அதே பிழை இன்றும் இருக்கிறது. கணினி நிரல்களை எழுதுவோர், பிற்பாடு வருபவர் புரிந்துகொள்ள வேண்டும் என்று நிரலின் நடுநடுவே குறிப்புரை எழுதி வைப்பார்கள். பயன்படுத்துவோருக்கு விளக்கக் கையேடுகளும் எழுதுவார்கள். அவற்றில் வரி முடியும் இடத்தில் ஒரு சொல், அடுத்த வரித் தொடக்கத்தில் அதே சொல் என்று இரட்டித்து நிற்பதுண்டு. இரண்டு சொற்களும் எழுத்துக்கூட்டில் சரியாகவே இருப்பதால் எழுத்துப்பிழை மட்டும் பார்க்கும் கருவி அதைக் கண்டுகொள்ளாது. இயந்திரம் குறிப்புரையைப் படிப்பதேயில்லை; அதைத் தாண்டிச் சென்றுவிடும். அதனால் நிரலின் ஓட்டத்துக்குத் தீங்கில்லை. படிப்பவர் மனிதர். அவர் ஒரு கணம் தடுமாறி நின்று, ஏதேனும் விட்டுப்போயிற்றோ என்று ஐயுறுவார். அந்த ஐயத்தைப் போக்க யாரோ ஒருவர் அமர்ந்து ஒரு சொல்லை நீக்குகிறார். இரட்டைச் சொற்களைத் தேடித் தரும் கருவிகளும் உண்டு. ஆயினும் ஆங்கிலத்தில் ஹேட் ஹேட் என்று அடுத்தடுத்து வருவது சரியான வாக்கியமாகவும் இருக்கலாம். எதை நீக்குவது, எதை விடுவது என்று தீர்மானிப்பது அங்கேயும் மனிதரே.

அன்புத் தோழியரே! இத்தகைய வேலைக்குப் பரிசளிப்பு விழாவில் கோப்பை கிடைக்காது. திருத்தம் சரியாக இருந்தால் அங்கே ஒரு பிழை இருந்ததே யாருக்கும் தெரியாது. எழுதியதை மீண்டும் ஒருமுறை படிப்போம், மூலத்தோடு ஒப்பிடுவோம், அறியாமல் திருத்த மாட்டோம், அறிந்ததைத் திருத்தாமல் விடவும் மாட்டோம். பவுலாவையும் யூஸ்தோக்கியத்தையும் போல, பிறர் நம்பிக்கையோடு நம்மிடம் ஏட்டைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லும் அளவுக்குக் கற்றுத் தேர்வோம்.

புனித ஜெரோமே, மாணவியராகிய எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.